முகத்துக்கு மெதுவாகச் சொல்லிக்கொடுத்த கதை

காலையில் எழும்பிப் பல்லுத் தீட்டப் போனவருக்கு வாய்த் தண்ணீர் ஒரு பக்கக் கடைவாயால் வழிகிறது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் மற்றப் பக்கம் இழுபட்டுக் கிடக்கு. ஒரு கண்ணை மூடச் சொன்னால் மூடுப்படுதில்லை. எங்கட ஊர்களில இப்பிடி ஒண்டு நடந்தால், பாக்க வாறவை எல்லாரிட்டயும் ஒவ்வொரு வைத்தியம் இருக்கும். பலூன் ஊது. சுவிங்கம் சப்பு. கரண்ட் குடுத்தாத்தான் சரிவரும். ராத்திரி ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுத்தனீ, குளிர்காத்துப் பட்டிட்டுது. சிலர் நாவூறு என்பார்கள், இன்னும் சிலர் குரலைத் தாழ்த்திச் செய்வினை என்பார்கள்.

செய்வினையை விடுவோம். மற்றவற்றைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. குளிர்காத்தும் கரண்டும் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய பெரிய வைத்தியர்கள் நம்பியவை. அவர்கள் அதைவிட்டு வெளியே வர நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. செயலிழந்த ஒரு முகத்துக்குத் திரும்ப அசைவு பழக்குவது எப்படி என்ற கேள்வியின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். வெளியில் இருந்து பார்த்தால் இது சின்ன விசயம். ஆனால் சிரிக்க முடியாமல் போன ஒரு இருபது வயதுக்காரருக்கு இதைவிடப் பெரிய விசயம் இல்லை.

நோய் புதுசு இல்லை. தமிழ் வைத்தியத்தில் அதற்கு முகவாதம் என்று பெயர். சரகரும் சுஸ்ருதரும் 'அர்திதம்' என்று விவரித்து, எண்ணெய் பூசித் தேய்ப்பதையும் மூக்கில் மருந்து விடுவதையும் சொல்லியிருக்கிறார்கள். அரபு வைத்தியத்தில் அது 'லக்வா'. யுனானி வைத்தியர்களிடம் இன்றைக்கும் அந்தச் சொல்தான். சுமார் 925 இல் இறந்த பாரசீக வைத்தியர் அல் ராஸி இதில் ஒரு முக்கியமான அடி வைத்தார். மூளையில் இருந்து வருகிற வாய்க்கோணலையும் அப்படி இல்லாததையும் பிரித்துப் பார்க்க முயன்றார். இன்றைக்கும் அவசரப் பிரிவில் முதல் செய்வது அதைத்தான். மூளையில் பாரிசவாதம் வந்தவருக்கு வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்க முடியும். முகநரம்பே பழுதானவருக்கு அந்தப் பக்க நெற்றியும் அசையாது. (இதை வாசித்துவிட்டு வீட்டில் இருந்தபடியே முடிவெடுக்க வேண்டாம். வாய் கோணினால் உடனே ஆஸ்பத்திரி. காரணம் பின்னால் வரும்.)

அந்த நோய்க்கு இன்றைக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் ஸ்கொட்லாந்துக்காரரான சார்ள்ஸ் பெல்லுடையது. 'பெல்ஸ் பால்சி'. உண்மையில் அவருக்கு முன்பே, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க்கைச் சேர்ந்த நிக்கோலவுஸ் பிரீட்ரைக் என்ற வைத்தியர் 1798 அளவில் மூன்று நோயாளிகளைத் தெளிவாக விவரித்துவிட்டார். அதன் ஆங்கிலச் சுருக்கம் 1800 இல் எடின்பரோவில் வெளிவந்தது. எடின்பரோ பெல் பிறந்த ஊர். பிரீட்ரைக்கின் பெயர் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால், எந்தத் துறையிலும் நடக்கிறதுதான், பெரிய நகரத்தில் பெரிய சங்கத்தின் முன்னால் பேசியவரின் பெயர் ஒட்டிக்கொள்ளும். குளிர்காத்துக் கதையும் இந்தக் காலத்துக்குரியது. 'வாதக் குளிர்' முகத்தில் இறங்குகிறது எண்டு 19 ஆம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பிய வைத்தியர்கள் எழுதினார்கள். எங்கட ஆச்சிமார் தனியாக இல்லை.

ஆனால் பெல்லை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. அவர் சத்திரசிகிச்சை நிபுணர், கூடவே நல்லாப் படம் கீறுகிறவர். 1806 இல் ஓவியர்களுக்காக முகபாவங்களின் உடற்கூற்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1815 இல் வாட்டர்லூப் போர் முடிந்த கையோடு பிரசெல்ஸ் போய்க் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, அவர்களைப் படமாகவும் வரைந்தார். முகம் ஏன் அசைகிறது என்ற கேள்வி அவருக்குள் ஓவியனின் கேள்வியாகவும் இருந்திருக்கு. 1821 இல் லண்டன் றோயல் சங்கத்துக்குக் கொடுத்த கட்டுரையில், கழுதைகளில் செய்த பரிசோதனைகளை வைத்து, ஏழாவது மண்டை நரம்பை வெட்டினால் முகத்தின் அசைவு போகிறது என்று காட்டினார். அதை அவர் 'முகத்தின் சுவாச நரம்பு' என்று அழைத்தது பிழையான பாதை. ஐந்தாவது நரம்புக்கும் ஏழாவதுக்கும் உள்ள வேலைப்பிரிவைத் தெளிவாக்கியதில் அவரின் மச்சான் ஜோன் ஷோவுக்கும் ஹேர்பேர்ட் மேயோவுக்கும் பங்கு இருக்கு. முள்ளந்தண்டு நரம்பு வேர்கள் பற்றி மஜெண்டியோடு நடந்த சண்டையில் பெல் தன்ர பழைய கட்டுரைகளைத் திருத்தி மறுபடி அச்சிட்டதும் அறிஞர் உலகத்தில் பிரசித்தம். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இங்கே வேண்டியது ஒன்றுதான். முகத்தின் ஒரு பக்கத்துத் தசைகள் எல்லாவற்றுக்கும் கட்டளை போவது ஒரே ஒரு நரம்பால். அது காதுக்குப் பின்னால் எலும்புக்குள்ளே ஒரு ஒடுங்கிய குழாயால் வருகிறது. குழாய்க்குள் நரம்பு வீங்கினால் விரிய இடமில்லை, நெரிபடும். கட்டளை நின்றுவிடும். தசையில் பிழை இல்லை. பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப மறந்தது இந்த வசனத்தைத்தான்.

கட்டளை வரவில்லையென்றால் நாங்கள் வெளியில் இருந்து கொடுப்போம் என்று வந்தவர் பிரான்சின் டுஷென் (1806–1875). பரிஸில் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில், ஈரமான மின்முனைகளைத் தோலில் வைத்து ஒவ்வொரு தசையையும் தனித்தனியாக அசைத்துப் பார்த்தார். 1855 இல் அந்த முறையைப் பற்றிய அவரின் பெரிய நூல் வந்தது. 1862 இல் வந்த முகபாவங்கள் பற்றிய நூலில் புகைப்படங்கள். பல்லில்லாத ஒரு வயோதிபரின் முகத்தில் பயம், வேதனை, சிரிப்பு எல்லாவற்றையும் மின்சாரத்தால் வரவழைத்திருப்பார். அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். முதல் பார்வைக்குச் சித்திரவதை மாதிரி இருக்கும். அந்த மனிதரின் முகத்தோலில் உணர்ச்சி குறைவு, அதனால் வலி பெரிதாக இல்லை எண்டு டுஷென் சொல்கிறார். அவரின் வார்த்தையைத்தான் நம்பவேண்டியிருக்கு. டார்வின் 1872 இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் இந்தப் படங்களில் சிலவற்றை எடுத்துப் போட்டார்.

டுஷென் கண்ட ஒரு விசயம் இன்றைக்கும் நிற்கிறது. கன்னத்தை மேலே இழுக்கிற தசை எங்கட விருப்பத்துக்குக் கட்டுப்படும். கண்ணைச் சுற்றியிருக்கிற தசை உண்மையான மகிழ்ச்சி வந்தால்தான் சேர்ந்து சிரிக்கும். மின்சாரத்தால் வாயை மட்டும் இழுத்தால் பொய்ச் சிரிப்புத்தான் கிடைக்கும். அவரே இதைக் கண்டுபிடித்திருந்தும், அவருக்குப் பின்னால் வந்த வைத்தியம் வாயை இழுப்பதிலேயே நின்றது.

1868 இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப் இன்னொரு வழி கண்டார். மின்சாரத்துக்குத் தசை எப்படிப் பதில் சொல்கிறது என்பதை வைத்து நரம்பு எவ்வளவு பழுதாகியிருக்கு என்று ஊகிக்கலாம். நோயை அளக்கிற கருவியாக மின்சாரம் நல்லாவே வேலை செய்தது. அளக்கிற கருவியே மருந்தாகவும் மாறியதுதான் பிரச்சினை. நரம்பு வளர்ந்து வரும்வரை தசை வாடாமல் இருக்கக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கு. தொட்டால் தசை துடிக்கிறது, நோயாளி கண்ணால் காண்கிறார். ஏதோ நடக்குது எண்ட நம்பிக்கை இரண்டு பக்கமும் வரும். முகத்தை மறுபடி மறுபடி பலமாக இயக்கு, இறுக்கிச் சிரி, இறுக்கிக் கண்ணை மூடு, ஊது என்ற பயிற்சிகளும் அதே சிந்தனையின் பிள்ளைகள். கை கால் தசைக்குப் பாரம் தூக்கப் பழக்குவது மாதிரி முகத்துக்கும்.

இதற்கிடையில் சத்திரசிகிச்சைக்காரர் பக்கத்தில் ஒரு விசித்திரமான விசயம் நடந்தது. 1895 இல் லண்டனில் சார்ள்ஸ் பலன்ஸ், செத்துப்போன முகநரம்போடு, தோளை உயர்த்துகிற நரம்பை இணைத்துப் பார்த்தார். நரம்பு வளர்ந்து முகத்துக்குப் போனது. ஆனால் முகம் அசைய வேண்டுமென்றால் நோயாளி தோளை உயர்த்த வேண்டும். சிரிப்பதற்குத் தோளைக் குலுக்குகிற மனிதரை ஒருக்கா மனதில் நினைத்துப் பாருங்கள். பிறகு நாக்கின் நரம்பை இணைத்தார்கள். நாக்கைத் தள்ளினால் முகம் அசையும். இப்போது மெல்லுகிற தசையின் நரம்பையும் இணைக்கிறார்கள். அப்படிச் செய்தவர்கள் முதலில் பல்லைக் கடித்துத்தான் சிரிக்கப் பழகுவார்கள். பயிற்சி கூடக்கூட, சிலருக்குப் பல்லைக் கடிக்காமலே சிரிப்பு வரத் தொடங்கும்.

அதாவது, மூளை பழைய வயருக்குப் புது வேலையைப் படிக்கிறது. ஊதுகிறதாலும் இழுக்கிறதாலும் வந்த பலன் இல்லை இது. எங்கட பார்வையில் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இந்தத் தோள் குலுக்கலில்தான் இருக்கு. ஆனால் அதை மற்ற நோயாளிகளுக்கும் பொருத்திப் பார்க்க இன்னும் பல பத்தாண்டுகள் போனது.

முதலில் கரண்டைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. 1958 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் மொஸ்ஃபோர்த், டவேர்னர் என்ற இருவர் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஒரு பகுதி நோயாளிகளுக்கு மின்தூண்டல், மற்றப் பகுதிக்கு அது இல்லை. முடிவில் மின்தூண்டலால் மேலதிகமாக ஒரு பலனும் தெரியவில்லை. அப்படியானால் நூறு வருடமாகக் குணமான ஆக்களெல்லாம்?

இதற்கான பதில் டென்மார்க்கில் இருந்து வந்தது. கொப்பன்ஹேகனில் எரிக் பைட்டர்சன் என்ற காது மூக்குத் தொண்டை வைத்தியர் 25 வருடங்களாக முகவாத நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். மொத்தம் 2,570 பேர். அதில் காரணம் தெரியாத பெல் வகை 1,701 பேர். மருந்து எதுவும் கொடுக்காமல் இயற்கையாக என்ன நடக்கிறது என்று பார்த்ததுதான் அந்த ஆய்வின் பெறுமதி. 2002 இல் வந்த அறிக்கையின்படி பெல் வகையினரில் 85 வீதமானோருக்கு மூன்று கிழமைக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. 71 வீதமானோர் முழுதாகவே பழைய நிலைக்கு வந்தார்கள்.

இந்த 71 ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு நூல் கட்டினாலும் எழுபது பேர் குணமாவார்கள். நூறு பேரைப் பலூன் ஊத வைத்தாலும் எழுபது பேர் குணமாவார்கள். 'என்ர மாமாவுக்கு உதுதான் சரிவந்தது' என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. மாமா அந்த எழுபதில் ஒருவர், அவ்வளவுதான். முகவாதத்தைச் சுற்றி இத்தனை வைத்தியங்கள், இத்தனை நேர்த்திக்கடன்கள் வளர்ந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் மிச்சம் முப்பது பேர் இருக்கிறார்கள். உண்மையான கதை அவர்களுடையது.

பழுதான நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளரும். வளரும்போது பழைய பாதை குழம்பிவிட்டால், உதட்டுக்குப் போகவேண்டிய இழை கண்ணுக்குப் போகும், கண்ணுக்குரியது கன்னத்துக்குப் போகும். மாதங்கள் கழித்து அசைவு திரும்பும், ஆனால் சிரித்தால் கண் மூடும், கண்ணை மூடினால் வாய் இழுபடும். சிலருக்குச் சாப்பிடும்போது கண்ணீர் வரும். வைத்தியர்கள் அதை முதலைக் கண்ணீர் என்றே அழைக்கிறார்கள். தமிழில் அந்தப் பெயரைச் சொன்னால் நோயாளி கோவிப்பார். கன்னம் நாள் முழுக்க இறுகிக் கிடக்கும். இது பலவீனம் இல்லை. அளவுக்கு மிஞ்சிய, தாறுமாறான இயக்கம். இப்படி ஒரு முகத்துக்குப் போய் 'பலமாகச் செய், இன்னும் பலமாகச் செய்' என்று பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும்? தாறுமாறு இன்னும் பழக்கமாகும். பலூனும் சுவிங்கமும் இந்த இடத்தில்தான் சிக்கல். முழு முகத்தையும் ஒரேயடியாக இறுக்குகிற எந்த வேலையும் பிழையான கூட்டாளிகளைச் சேர்த்தே இயக்குகிறது.

1980 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பலியெட்டும் அவரின் கூட்டாளிகளும் இதைத் தலைகீழாக்கினார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்த போல் பாக் இ ரீட்டாவுக்கு ஒரு முன்கதை இருக்கு. அவரின் தகப்பன், கவிஞரும் பேராசிரியருமான பெத்ரோ, 1959 இல் பாரிசவாதத்தால் விழுந்தார். போலின் சகோதரன் தகப்பனைக் குழந்தைக்குப் பழக்குகிற மாதிரி முதலில் தவழப் பழக்கி, பிறகு நடக்கப் பழக்கினார். பெத்ரோ திரும்பவும் படிப்பிக்கப் போனார். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தால் பழுது அப்படியே பெரிதாக இருந்தது. மூளை வேறு வழி கண்டுபிடித்திருந்தது. இப்படி ஒரு வீட்டில் இருந்து வந்தவர் முகத்தையும் 'மறுபடி படிக்கிற' விசயமாகப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

முகத்துக்கு ஒரு தனிக் குறைபாடு உண்டு. கையை இருட்டில் நீட்டினாலும் அது எங்கே இருக்கு என்று தெரியும், தசைக்குள் இருக்கிற உணர்விகள் சொல்லும். முகத் தசைகளில் அந்த உணர்விகள் கிட்டத்தட்ட இல்லை. அதனால் கண்ணாடி வேண்டும். அல்லது தசையின் மின் அசைவைக் கோடாகக் காட்டுகிற திரை வேண்டும். விஸ்கொன்சின் முறையில் நோயாளி கண்ணாடிக்கு முன்னால் இருந்து, மிகச் சிறிய அசைவை, மிக மெதுவாகச் செய்வார். உதட்டின் ஓரத்தைக் கொஞ்சமாக உயர்த்து. கண் சுருங்கத் தொடங்குகிற கணத்தில் நிறுத்து. கண்ணை விட்டுவிடு. திரும்ப. நூறு தரம் வேண்டாம், பத்துத் தரம் கவனமாகச் செய்தால் போதும். நல்ல பக்கத்தையும் அடக்கி வைக்க வேண்டும், ஏனென்றால் அது அளவுக்கு மேல் இழுக்கிறது. இது உடற்பயிற்சியை விடச் சங்கீத வகுப்புக்குக் கிட்ட. சுருதி பிசகாமல் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கிற மாதிரி.

கிட்டத்தட்ட அதே காலத்தில் நெதர்லாந்தில் இன்னொரு வாசலால் இதே இடத்துக்கு வந்தார்கள். அம்ஸ்டர்டாமில் பீற்றர் டெவ்ரீஸ் என்ற வைத்தியரும் யான் புரோங்க் என்ற மைம் கலைஞரும் சேர்ந்தார்கள். ஆம், வசனம் இல்லாமல் முகத்தாலும் உடம்பாலும் நடிக்கிற மைம்தான். ஒரு நடிகருக்குத் தெரிந்ததும் வைத்தியருக்குத் தெரியாததும் ஒன்று இருந்தது: முகத்தைத் தசை தசையாக அசைப்பது வேறு, ஒரு உணர்ச்சியை முகத்துக்கு வரவிடுவது வேறு. டுஷென் 1862 இல் கண்டதைச் சிகிச்சையாக மாற்ற ஒரு மேடைக்காரர் தேவைப்பட்டிருக்கிறார். மசாஜ், தளர்த்தும் பயிற்சி, தாறுமாறு இயக்கத்தை அடக்கும் பயிற்சி, உணர்ச்சி வெளிப்பாடு எல்லாம் சேர்ந்து அது 'மைம் தெரபி' ஆனது. நைமேகன் நகரத்து இயன்மருத்துவர் காரின் பூர்ஸ்கென்ஸ் அதை ஒழுங்கான ஆய்வுக்கு உட்படுத்தினார். 2003 இலும் 2006 இலும் முடிவுகள் வெளிவந்தன. 50 நோயாளிகள், எல்லாரும் முகவாதம் வந்து ஒன்பது மாதத்துக்கு மேலானவர்கள், 'இனி இப்பிடித்தான்' என்று விடப்படுகிற கட்டத்தில் இருப்பவர்கள். மூன்று மாதச் சிகிச்சைக்குப் பிறகு, காத்திருப்பில் விடப்பட்டவர்களை விட இவர்களின் முகச் சமச்சீர் கூடியது, இறுக்கம் குறைந்தது.

பெரிசுபடுத்தவும் கூடாது. 2011 இல் கொக்ரேன் மதிப்பாய்வு 12 ஆய்வுகளை, 872 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. எந்த உடல்வழிச் சிகிச்சைக்கும் உறுதியான உயர்தரச் சான்று இல்லை என்றது. ஆளுக்கு ஏற்ப வடிவமைத்த முகப் பயிற்சி, மத்திம அளவு பாதிப்பும் நாட்பட்ட பாதிப்பும் உள்ளவர்களுக்கு உதவலாம் என்பதற்குத் தரம் குறைந்த சான்று உண்டு. கரண்டுக்கு அதுவும் இல்லை. உறுதியான சான்று உள்ள சிகிச்சை மாத்திரைதான். 2007 இல் ஸ்கொட்லாந்தில் நடந்த ஆய்வில், 72 மணித்தியாலத்துக்குள் பிரெட்னிசொலோன் எடுத்தவர்களில் 94 வீதமானோர் ஒன்பது மாதத்தில் குணமாகியிருந்தார்கள், எடுக்காதவர்களில் 82 வீதம். முதல் மூன்று நாளையும் வீட்டு வைத்தியத்தில் செலவழிக்காதேங்கோ என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மூடாத கண் காய்ந்து புண்ணாகாமல் பார்ப்பதும் அப்படித்தான் அவசரம். மாத்திரையும் கண் பராமரிப்பும் முதல் நாட்களுக்கு. கண்ணாடிப் பயிற்சி பின்வரும் மாதங்களுக்கு. ஒன்று மற்றதுக்குப் பதிலாகாது.

வைத்தியத்துக்கு வெளியே நடப்பதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1993 கனடியத் தேர்தலில், சிறுவயதில் வந்த முகவாதத்தால் வாய் ஒரு பக்கம் கோணிய ஜோன் கிரெத்தியேனின் முகத்தை நெருக்கமாகக் காட்டி அப்போதைய ஆளுங்கட்சி விளம்பரம் போட்டது. கண்டனம் எழுந்து விளம்பரத்தை மீளப் பெற்றார்கள். கிரெத்தியேன் வென்று பத்து வருடம் பிரதமராக இருந்தார். விளம்பரம் போட்ட கட்சிக்கு அந்தத் தேர்தலில் இரண்டு ஆசனம். அதற்கு வேறு காரணங்களும் உண்டுதான், ஆனாலும் எங்களுக்குச் சந்தோசமே. 2022 இல் ஜஸ்டின் பீபர் தன்ர அசையாத முகத்தைத் தானே வீடியோ எடுத்துக் காட்டினார். அவருக்கு வந்தது ராம்சி ஹன்ட் எண்ட, அம்மை வைரசால் வருகிற வகை. எங்கட பக்கத்தில் இன்னும் கலியாணப் போட்டோவில் பக்கவாட்டில் நிற்கிறவர்களும், சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துகிறவர்களும் இருக்கினம்.

தமிழில் இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க விரும்புகிற இயன்மருத்துவ மாணவர்களுக்கு ஒரு யோசனை. மைம் தெரபியில் எழுத்தொலிகளையும் சொற்களையும் வைத்துப் பழக்குகிற பகுதி ஒன்று உண்டு, அது அவரவர் மொழியில்தான் வேலை செய்யும். எங்களிடம் அதற்கு நல்ல அடிப்படை இருக்கு. ப, ம இரண்டும் இதழ்கள் பொருந்துவதால் பிறக்கும், வ மேற்பல்லும் கீழிதழும் சேர்வதால், உ ஊ ஒ ஓ இதழ் குவிவதால் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஏற்கனவே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. 'மாமா', 'பூ', 'வாவா' என்று கண்ணாடிக்கு முன்னால், கண்ணைச் சுருங்கவிடாமல், மெதுவாக.